பூட்டிய அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள்

போன தீபாவளி கழிந்து நடந்த நம் சங்கச் செயற்குழுக் கூட்டத்துக்கு நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தேன். மாடியில் நூலகத்துக்குப் பக்கத்து அறையில், ஒரு அன்பர் நன்கொடையாகக் கொடுத்த ஆறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு வாரத்துக்கு மட்டும், ஒரு மாணவியின் ஆராய்ச்சிக் கணக்கு போட, இரவும் பகலும் ஓடவிட அனுமதி வேண்டும். மின்சாரச் செலவை நானே கட்டிவிடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். கூட்டத்தில் விவாதம் பத்து நிமிடம் நடந்தது. "இலவச மென்பொருளா சார்? வைரஸ் வந்துவிடுமே" என்றார் ஒருவர். "ஓசியில் கிடைப்பதில் என்ன தரம் இருக்கப் போகிறது?" என்றார் இன்னொருவர். பொங்கல் விழாப் பந்தல் செலவு என்ற அடுத்த பொருளுக்குக் கூட்டம் போய்விட்டது. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவியின் கதை. மயூர் விஹாரில் எங்கள் பகுதியில் இருக்கும் குடும்பம். பெண் எம்.எஸ்.ஸி. பௌதிகம் கடைசி வருஷம். அவளுடைய புராஜெக்டுக்கு ஒரு விலையுயர்ந்த கணித மென்பொருள் தேவை என்று படிக்கும் இடத்தில் சொல்லிவிட்டார்கள். முறையாக வாங்கினால் அப்பாவின் சம்பளத்தில் பெரும் பள்ளம் விழும். ஆகவே அவர் எல்லோரும் செய்வதைச் செய்தார். எங்கோ ஒரு கடையில் சில நூறு ரூபாய்க்குத் திருட்டுப் பிரதி போட்டுக் கொண்டுவந்தார். மூன்றாவது வாரம் அந்தப் பிரதியோடு வந்த கிருமி அவள் லேப்டாப்பில் இருந்த கோப்புகள் அத்தனையையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இரண்டு மாத வேலை போயிற்று. ஒப்படைக்க இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, "அங்கிள், உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமே" என்று அழுதபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நான் டிப்ளமா படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்தவன். ரிலேயும் பிளாக் இன்ஸ்ட்ருமெண்டும்தான் என் படிப்பு. கம்ப்யூட்டர் எனக்குப் பாதி வழியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒன்று தெரியும். அவள் கேட்ட வேலையைச் செய்ய ஆக்டேவ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில், ரசாயன உலை வடிவமைப்புப் பாடநூல் ஒன்றுக்குத் துணையாகப் பிறந்த மென்பொருள் அது. ஜான் ஈட்டன் என்பவர் 1992-இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை இலவசம். அதை விடப் பெரிய விஷயம், அதன் மூல நிரல் முழுவதும் எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருட்டும் இல்லை, கிருமியும் இல்லை. அவளுடைய நிரலில் ஏழெட்டு வரி மாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் மாலைக்குள் ஓடியது.

ஓடியது சரி, நேரம்? நானூறு விதமான அளவுகளுக்குத் தனித்தனியாக அதே கணக்கைப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. மொத்தம் 600 மணி நேரம், அதாவது ஒரே கம்ப்யூட்டரில் 25 நாள். சங்கத்தின் ஆறு கம்ப்யூட்டர்களில் பிரித்துப் போட்டால் நாலு நாளும் சொச்சமும். அதற்குத்தான் அந்த விண்ணப்பம்.

இப்படிப் பிரித்துப் போடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறையில் மிரோன் லிவ்னி என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் 1988-இல் காண்டோர் என்று ஒரு மென்பொருளை இயக்கிக் காட்டினார்கள். இப்போது அதன் பெயர் எச்.டி.காண்டோர். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு ஆசிரியர் மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர். அவர் சாப்பிடப் போனால் அது சும்மா, வீட்டுக்குப் போனால் இரவு முழுக்கச் சும்மா. அந்தச் சும்மா நேரத்தைப் பிடித்து வேலை கொடுப்பதுதான் காண்டோரின் தொழில். ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். மெயின் லைனில் ராஜதானி வருகிறது என்றால், கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவோம். ராஜதானி போனதும் கூட்ஸ் நின்ற இடத்திலிருந்து கிளம்பும். புறப்பட்ட ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் மறுபடி கிளம்பாது. ஆசிரியர் வந்து விசைப்பலகையைத் தொட்டவுடன் காண்டோர் தன் வேலையை ஒதுக்கிக்கொள்ளும். ஏற்ற வகையில் எழுதிய நிரலாக இருந்தால், விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வேறொரு கம்ப்யூட்டரில் அங்கிருந்தே தொடரும்.

2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வை அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவு செய்தன. அந்தத் தகவல் மலையைச் சலித்த கணக்குகள் பெரும்பாலும் காண்டோர் வழியாகவே ஓடின. பூனாவில் அயூகா நிலையத்தில் இதற்கென வைத்திருக்கும் கம்ப்யூட்டர் தொகுதியின் பெயர் 'சாரதி'. அந்த ஆய்வுக் கூட்டமைப்பில் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் உண்டு. மஹாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நம் நாட்டு லைகோவைக் கட்ட 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. இத்தனைக்கும் அடியில் வேலை செய்யும் காண்டோர் ஓசிதான். தரம் பற்றிக் கேட்ட நண்பருக்கு இதுவே என் பதில்.

இன்னொன்றும் சொல்லலாம். உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் ஐந்நூறின் பட்டியல் ஒன்று வருஷத்துக்கு இரண்டு தடவை வெளிவருகிறது. 2017 நவம்பர் பட்டியலிலிருந்து அந்த ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. லினக்ஸும் ஓசி.

தில்லிவாசிகளான நமக்கு இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. எண்பதுகளில் நம் அரசு அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டுக் கெஞ்சிய கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்டது கிடைக்கவில்லை. வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஒரு சிறிய க்ரே இயந்திரம் வந்து, லோதி ரோடு மௌசம் பவனில் 1989-இல் இயங்கத் தொடங்கியது. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. அந்த அவமானத்தில் 1988-இல் பூனாவில் சி-டாக் நிறுவனம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 வந்தது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

ஆனால் ஏழை நாட்டுக்கும் சிறு கல்லூரிக்கும் கதவைத் திறந்தது வேறொன்று என்பது என் அபிப்பிராயம். 1994-இல் நாசாவின் ஒரு கூடத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர் கடையில் கிடைக்கும் சாதாரண 486 கம்ப்யூட்டர்கள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் இணைத்து, லினக்ஸ் போட்டு, ஒரே இயந்திரமாக வேலை வாங்கினார்கள். பேவுல்ஃப் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியும் ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்து இலவசமாகவே வந்தது: முதலில் ஓக் ரிட்ஜின் பி.வி.எம்., பிறகு ஆர்கானின் எம்பிச். இனி யாரிடமும் க்ரே கேட்டு மனுப் போட வேண்டாம். பத்தே வருஷத்தில், 2004-இல், சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் ஹரி தாஸ் குழுவினர் 144 கம்ப்யூட்டர்களை லினக்ஸில் இணைத்து, இமயச் சிகரம் ஒன்றின் பெயரில் 'கப்ரு' என்று அழைத்தார்கள். நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகளைத் தாண்டியது. அந்த வருஷத்து ஐந்நூறு பட்டியலிலும் இடம் பெற்றது. தமிழ் மண்ணில் நடந்த காரியம். நம் விழா மேடைகளில் இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ரயிலில் ஊருக்குப் போய் வரும் நமக்கு இணைப்பின் அருமை தெரியாதா என்ன? தில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது 1985-86 வாக்கில். ஆனால் தில்லிக் கம்ப்யூட்டருக்குத் தில்லி வண்டிதான் தெரியும். சென்னையிலிருந்து திரும்பும் டிக்கெட்டுக்கு நாம் பட்ட பாடு எத்தனை! தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது 1999 ஏப்ரலில். அதை எழுதியது நம் ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம். அதன் பிறகு ஜி.டி. திரும்பு டிக்கெட்டைத் தில்லியிலேயே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படியேறினோம்.

மறுபடி மாணவியிடம் வருகிறேன். சங்க அறை கிடைக்காததால், என் பழைய மேஜைக் கம்ப்யூட்டர், என் மகன் விட்டுப்போன லேப்டாப், அக்கம்பக்கத்து இரண்டு வீடுகள் என்று நாலு இயந்திரம் சேர்த்தோம். வெவ்வேறு வீடு என்பதால் காண்டோர் போட முடியவில்லை. நானூறையும் நூறு நூறாகப் பிரித்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கையால் ஏற்றினோம். இரண்டாம் இரவு ஒரு வீட்டுப் பையன் பதினோரு மணிக்கு விளையாட்டு விளையாட வேண்டுமென்று எங்கள் வேலையை மூடிவிட்டான். இன்னொரு வீட்டில் விருந்தாளி மொபைல் சார்ஜருக்காகப் பிளக்கைப் பிடுங்கினார். லூப் லைன் இல்லாத ஒற்றைப் பாதையில் வண்டி விட்டால் இப்படித்தான் ஆகும். ஆறு நாளில் முடிய வேண்டியது ஒன்பது நாள் ஆயிற்று. ஒப்படைப்பதற்கு முந்தின இரவு வரை அந்தப் பெண் தூங்கவில்லை. ஒரே அறையில், ஒரே கம்பியில் அந்த ஆறும் கிடைத்திருந்தால் இந்த அவதி இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

கணக்கு என்றதும் மின்சாரம். நாலு இயந்திரமும் ஓடிய நேரத்துக்கு மொத்தம் அறுபது எழுபது யூனிட்தான். அந்த மென்பொருளின் உரிம விலையோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேறொரு விஷயத்தில் மின்சாரம் உதாசீனப்படுத்தக் கூடியது அல்ல. வீட்டுக் கம்ப்யூட்டரின் சும்மா நேரத்தை உலக விஞ்ஞானத்துக்குத் தானமாகக் கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. வேற்றுக்கிரக ஒலி ஏதும் கேட்கிறதா என்று தேட, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச் இறுதியோடு அந்த விநியோகம் நின்றது, வேற்றுக்கிரகவாசி சிக்கவில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய பாயிங்க் என்ற இலவச மென்பொருள் மற்ற ஆராய்ச்சிகளுக்கும் பாதையாயிற்று. 2010-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதி ஒருவரின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஒருவரின் கம்ப்யூட்டரும் சேர்ந்து அதுவரை தெரியாத ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தன. ஏன் இரண்டு கம்ப்யூட்டர்? முகம் தெரியாதவன் வீட்டு இயந்திரம் சொல்லும் விடையை எப்படி நம்புவது? ஒரே கணக்கை இருவருக்கு அனுப்பி, விடை ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். ஒற்றைப் பாதையில் நீல்ஸ் டோக்கன் கருவியில் இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரும் அந்தப் பக்கத்தவரும் ஒப்புக்கொள்ளாமல் பந்து வெளியே வராது. அதே தத்துவம். படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

நானும் இரண்டு குளிர்காலம் இதில் சேர்ந்திருந்தேன். குளிர்காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 100 வாட். இருபத்துநாலு மணி நேரத்துக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72. தில்லியில் 2019-இல் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று வந்த பிறகு, நம் வீடுகளில் மாதக் கடைசியில் மீட்டரைப் போய்ப் பார்ப்பது ஒரு சடங்காகிவிட்டது. அதில் 72 யூனிட்டை விண்மீனுக்குக் கொடு என்று எந்தக் குடும்பத்தலைவியிடமும் நான் சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே சொல்ல முடியவில்லை. மே மாதத்தில் அந்த உஷ்ணத்தை வெளியேற்றக் கூலர் வேறு ஓட வேண்டும். ஜனவரியில் மட்டும் அந்த 100 வாட்டும் அறையைக் கொஞ்சம் கதகதப்பாக்கும். எனவே தானம் செய்யுங்கள் என்று நான் பிரசாரம் செய்யவில்லை. இந்தக் கருவிகளை நம் பிள்ளைகள் கையாளக் கற்க வேண்டும் என்பதே நான் கேட்பது. இரண்டும் வேறு.

ஓசி என்றால் யாரோ ஒருவர் செலவு செய்கிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. குளோபஸ் என்று ஒரு கருவித் தொகுப்பு இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகமும் ஆர்கான் கூடமும் வளர்த்தவை. ஊர் ஊராக இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒரே மின்தொகுப்பு மாதிரி இணைக்க உலகமே அதைப் பயன்படுத்தியது. நம் நாட்டில் 17 நகரங்களில் 45 நிறுவனங்களை இணைத்த சி-டாக்கின் 'கருடா' திட்டமும் அதன் மேல்தான் எழுந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 'கேர்' மையத்தில் பேராசிரியர் தாமரைச்செல்வி குழுவினர் இத்துறையில் சொந்தமாகக் கருவிகள் எழுதினார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் கடைசி வருஷ மாணவர்களுக்கு குளோபஸ் செய்முறை வகுப்பும் வந்தது. அதில் 2014-இல் சேர்ந்தவர்கள் அந்த வகுப்பை எட்டியது 2017 பிற்பகுதியில். 2018 ஜனவரியோடு குளோபஸ் தொகுப்புக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. இலவசமாகப் பராமரிக்க நிலையான நிதி இல்லை. சந்தா வாங்கும் சேவைக்கு அவர்கள் மாறிவிட்டார்கள். மூல நிரல் திறந்திருந்ததால், அதை நம்பியிருந்த விஞ்ஞானிகள் வேறு பெயரில் தாங்களே எடுத்துப் பராமரிக்கிறார்கள். அதனால் தப்பியது.

எனக்கு இதில் படும் குறை, நம் நாட்டின் பங்கு. நாம் எடுப்பதில் முந்துகிறோம், திருப்பிக் கொடுப்பதில் பிந்துகிறோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியபோது சுவிட்சர்லாந்துக்காரர்கள் பெட்டியை மட்டும் விற்றிருந்தால், இன்றும் பெட்டி வாங்கிக்கொண்டிருப்போம். வரைபடமும் வித்தையும் வந்ததால்தான் நாமே கட்டினோம், மாற்றினோம், பிறகு வேறு நாடுகளுக்கும் விற்றோம். மென்பொருளில் வரைபடம் என்பது மூல நிரல். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் ஆராய்ச்சி மென்பொருள் எதுவானாலும், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது நீங்கலாக, மூல நிரலோடு வெளியிட வேண்டும். வெளியிட்டதைப் பராமரிக்க இரண்டு பேருக்காவது சம்பளம் ஒதுக்க வேண்டும். 2024 செப்டம்பர் 26 அன்று மூன்று பரம் ருத்ரா இயந்திரங்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார், 130 கோடி ரூபாயில். அதில் ஒன்று நம் ஜே.என்.யு. பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் இருக்கிறது. இரும்புக்குச் செலவழிக்கிறோம், வாழ்த்துகிறேன். அதன் மேல் ஓடும் நிரலை எழுதிப் பேணுபவனுக்கும் அதே கௌரவம் கிடைக்க வேண்டும் அல்லவா? தண்டவாளம் போட்டுவிட்டு கேங்மேனை நியமிக்காமல் விடுவதுண்டா?

கற்க வழியும் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌட்கல்யா என்ற பேராசிரியர் முன்னின்று மத்திய அரசு நிதியில் தொடங்கிய 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' பாடங்கள், பத்துப் பத்து நிமிட அளவில், தமிழிலும் கிடைக்கின்றன. லினக்ஸ், சைலாப், பைத்தான் எல்லாம் உண்டு. ஆசிரியர் இல்லாமல் தானே பார்த்துப் பழகுவதற்கென்றே செய்தவை. தமிழ் எழுதப் படிக்கத் திணறும் நம் தில்லிப் பிள்ளைகளுக்கு, காதால் தமிழ் கேட்டு வித்தை பழக இதை விட நல்ல சாக்கு கிடைக்காது.

அந்தப் பெண் உரிய நாளில் ஒப்படைத்துவிட்டாள். முன்னுரையில் ஆக்டேவுக்கும் எங்கள் தெருவின் நாலு வீட்டுக்கும் நன்றி எழுதியிருந்தாள். அவள் அப்பா அந்தத் திருட்டுத் தட்டை உடைத்துக் குப்பையில் போட்டதாகச் சொன்னார்.

செயற்குழுவுக்கு என் விண்ணப்பத்தை மாற்றி எழுதி மறுபடி கொடுத்திருக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர்களையும் இணைக்க ஒரு ஸ்விட்சும் கம்பியும் நான் வாங்கித் தருகிறேன். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை லினக்ஸ், ஆக்டேவ், முடிந்தால் காண்டோர். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர் யாரும் வரலாம், பெற்றோரும் வரலாம். சொல்லிக்கொடுக்க அந்தப் பெண் சம்மதித்திருக்கிறாள். நான் கம்பி இழுக்கிறேன். அறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அலுவலகத்தில் சொன்னால் உதவியாக இருக்கும்.